நூறில் நிற்கும் கடல்

"கடல் இவ்வளவு பக்கத்துல இருக்கே, வீட்டுக்குள்ள வந்துராதா?"

"தினம் ரெண்டு வேளை நான்தானே அளக்கறேன்? எனக்குத் தெரியாம வந்துருமா?"

இந்தப் பேச்சு நடந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. கேட்டவள் புது மனைவி. சொன்னவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அளவுக்காரர். துறைமுகத்தை ஒட்டிய கீழ்த்தெருவில், ஊழியர் குடியிருப்பின் கடைசி வீட்டு வாசலில், ஒரு தகரப் பெட்டியையும் ஒரு தையல் மெஷினையும் இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அவளும் நம்பினாள். கல்யாணமான புதிதில் கணவன் சொல்வதையெல்லாம் நம்புவது ஒரு வசதி.

அந்தப் பதிலை அளவுக்காரர் இன்றுவரை மறக்கவில்லை. முக்கியமாக, சமையலறைப் பக்கம் மிதந்துபோகும் தன் செருப்பைத் துடைப்பக்கட்டையால் எட்டி இழுக்கும்போது தவறாமல் நினைவுக்கு வரும்.

கடல்மட்ட அளவீட்டுத் துறையில் அவருடைய வேலை எளிமையானது. துறைமுகத்தின் கல்சுவரில், கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட நீளமான பலகை ஒன்று இரண்டு போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருந்தது. அதற்கு அளவுகோல் என்று பெயர். காலையும் மாலையும் படிக்கட்டில் இறங்கி, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அலை ஏறும், இறங்கும். அதனால் ஒரு நாள் அளவை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. வருடம் முழுவதற்கும் சராசரி போட்டால் வருகிற எண்தான் கடலின் மட்டம். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அது நூறு. அடுத்த வருடமும் நூறு. அதற்கடுத்த வருடமும் நூறு. கடலும் துறையும் ஒற்றுமையாக இருந்த காலம் அது.

நான்காம் வருடம் சராசரி நூற்று நான்கு வந்தது.

அளவுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ புதையலைக் கண்டுபிடித்தவர்போல அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். பாராட்டுக் கடிதம் வரும் என்று மனைவியிடம் சொல்லியும் வைத்தார். கடிதம் வந்தது. 'தாங்கள் அனுப்பிய நூற்று நான்கு கிடைக்கப்பெற்றோம். இந்த நான்குக்குக் காரணம் தாங்களா அல்லது கடலா என்பதை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கவும்.'

விளக்கினார். தான் இல்லை என்று மட்டும் எழுதினார். உடனே கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்ததில் நூற்று நான்கரை தெரிந்தது.

விஷயம் கைமீறிப் போகிறது என்று பயந்து ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றைத் துறை அனுப்பிவைத்தது. ஐந்து பேரும் மூன்று நாட்கள் குடையின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். நாற்காலியை மட்டும் நாளுக்கு இரண்டு முறை பின்னால் நகர்த்திக்கொண்டார்கள். ஆற அமர யோசித்து இருநூறு பக்கத்துக்கு அறிக்கை எழுதினார்கள். அதன் சாரம் கடைசிப் பக்கத்தில் இருந்தது: 'கடல் உயர்ந்ததற்கான ஆதாரம் அளவுகோலில் மட்டுமே காணப்படுகிறது. எனவே குறை அளவுகோலில்தான் இருக்கிறது. அதை நான்கு சென்டிமீட்டர் உயர்த்திப் பொருத்தினால் குறை நீங்கும்.'

கொத்தனார் வந்தார். போல்ட்டைக் கழற்றினார். நான்கு சென்டிமீட்டர் மேலே புதிதாக இரண்டு ஓட்டை போட்டு அளவுகோலை மாட்டினார். அளவுக்காரர் குனிந்து பார்த்தார். கடல் நூறில் நின்றது. துறையின் மாத இதழில் முதல் பக்கத்திலேயே செய்தி வந்தது: 'கடல் இயல்பு நிலைக்குத் திரும்பியது.'

அடுத்த வருடம் சராசரி நூற்று மூன்று. கொத்தனார் வந்தார். அதற்கடுத்த வருடம் நூற்று நான்கு. கொத்தனார் வந்தார். கொஞ்ச காலத்தில் அது ஒரு விழாவாகவே ஆகிவிட்டது. 'சீரமைப்பு நாள்' என்று பெயர் வைத்தார்கள். கல்சுவர் ஓரம் ரிப்பன் கட்டி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கொத்தனார் ஓட்டை போடும்போது எல்லாரும் எழுந்து நின்று, பிறகு குழுவாகப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். கடல்மட்ட அளவீட்டுத் துறை என்ற பழைய பெயர் தேவையில்லாத சந்தேகங்களைக் கிளப்புகிறது என்று, கடல்மட்ட நிலைநிறுத்தத் துறை என்று மாற்றினார்கள். பெயர்ப்பலகையைக் கொஞ்சம் உயரமாகவே மாட்டினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் புது மண்டல அதிகாரி வந்து சேர்ந்தார். கடலைப் பற்றி அவருக்கு இருந்த தெளிவு கடலுக்கே கிடையாது. ஒவ்வொரு சீரமைப்பு நாளிலும் பேசுவார்.

"கடல் ஏறுதுன்னு சில பேர் சொல்றாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தினம் ரெண்டு தடவை இறங்குதே, அதைப் பத்தி யாராவது வாயைத் திறக்கறாங்களா? ஏறுறதை மட்டும் பாக்கறது ஒரு வியாதி. நம்ம துறை ரெண்டையும் பாக்கும். பாத்துட்டு, நடுநிலையா நூறுன்னு எழுதும்."

எல்லாரும் கைதட்டுவார்கள். கொத்தனார் துளைக்கும் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு அளவுக்காரரின் காதில் கேட்பார்: "இந்த வருஷம் எவ்வளவுண்ணே?"

"நாலு."

"அதுவும் விடமாட்டேங்குது, நாமளும் விடமாட்டேங்கறோம்."

கொத்தனாருக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆரம்பத்தில் படிக்கட்டின் கீழ்ப்படியில் நின்று வேலை செய்தவர், பிறகு தண்ணீரில் நின்று செய்தார். பிறகு படகு கேட்டார். சுவரில் அவர் போட்ட பழைய ஓட்டைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஜோடி ஜோடியாக, ஏணிபோல இறங்கித் தண்ணீருக்குள் மறைந்திருந்தன. பதினெட்டு ஜோடி. இதை ஒருநாள் அளவுக்காரர் மண்டல அதிகாரியிடம் தயங்கித் தயங்கிக் காட்டினார். வெளியே தெரிகிற ஓட்டைகளைப் பூசி மெழுகச் சொல்லி அதிகாரி உத்தரவு போட்டார். தண்ணீருக்குள் இருக்கிற ஓட்டைகளை என்ன செய்வது என்று கேட்டபோது, "எந்த ஓட்டை? எனக்குத் தண்ணிதான் தெரியுது" என்றார்.

இதெல்லாம் அலுவலகக் கதை. வீட்டுக்கதை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது.

அளவுக்காரரின் மனைவி நன்றாகத் தைப்பாள். கீழ்த்தெருவின் பதினோரு குடும்பங்களுக்கும் துறைமுகத்துக் கடைக்காரர்களுக்கும் அவள்தான் தையல்காரம்மா. விழித்திருக்கும் நேரமெல்லாம் கழுத்தில் அளவு நாடா தொங்கும். முதலில் பின்வாசல் படியில் ஈரம் வந்தது. பிறகு பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கூடத்தில் தண்ணீர் வந்தது. அவள் மெஷினின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தாள். அடுத்த வருடம் இரண்டு செங்கல். மெஷின் உயர்ந்ததும் கால் மிதிக்கு எட்டவில்லை. முக்காலிக்கும் செங்கல் வைத்து, மிதியில் ஒரு மரக்கட்டையைக் கட்டினாள். இப்போது தைக்க உட்காருவதென்றால் மேடையேறுவது மாதிரி. வெளியூரில் படிக்கிற மகள் விடுமுறைக்கு வந்தால் கட்டிலை விட்டு இறங்குவதே இல்லை. அம்மா ஏதோ சிம்மாசனத்தில் உட்கார்ந்து தண்ணீர் ராஜ்யத்தை ஆள்வதுபோல இருக்கிறது என்று கேலி செய்வாள்.

தண்ணீர் வருகிற நாளெல்லாம் அவள் அளவு நாடாவைக் கதவு நிலையில் வைத்து அளந்து, வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டில் குறித்துவைத்தாள். கடைக்காரர் இடுப்பு நாற்பது, பக்கத்து வீட்டுப் பெண் கை பதினாறு, கடல் ஒன்பதரை. அடுத்த பக்கத்தில் கடைக்காரர் இடுப்பு நாற்பத்தொன்று, கடல் பத்து.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. ஒரு தடவை ஏறினா அப்புறம் இறங்காது" என்பாள்.

துறைக்கு மேட்டுத் தெருவிலும் குடியிருப்பு இருந்தது. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. விண்ணப்பம் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். விண்ணப்பத்தில் இரண்டே கட்டங்கள்: கோரிக்கை, காரணம். கோரிக்கையை எழுதுவதில் அளவுக்காரருக்குச் சிரமம் இருக்கவில்லை. காரணத்தில்தான் பேனா நின்றது. கடல் நூறிலேயே நிற்கிறது என்று தினம் இரண்டு முறை கையெழுத்துப் போடுகிற மனிதன் அங்கே என்ன எழுதுவது?

முதல் விண்ணப்பத்தில் 'மனைவிக்கு மூட்டு வலி' என்று எழுதினார். 'மூட்டு வலி உள்ளவர்கள் மேடேறுவது நல்லதல்ல. தற்போதைய சமதளமே உகந்தது' என்று திரும்பி வந்தது. 'மேட்டில் நல்ல காற்று' என்று எழுதிய விண்ணப்பத்துக்கு, கடற்காற்றைவிடச் சிறந்த காற்று இருப்பதாகத் துறை கருதவில்லை என்று பதில் வந்தது. மேடு ஏறி இறங்கினால் தன் உடம்புக்கு நல்லது என்று எழுதியதற்கு, துறைமுகப் படிக்கட்டின் எஞ்சிய படிகளில் கூடுதல் முறை ஏறி இறங்க அனுமதி அளித்தார்கள். அப்படியே ஆறு விண்ணப்பங்கள் போயின. ஏழாவதில், மனைவி பக்கத்திலேயே நின்றதால், கண்ணை மூடிக்கொண்டு 'வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது' என்று எழுதிவிட்டார்.

விசாரணைக்கு ஆள் வந்தது. முதலில் வடிகால் அலுவலகத்துக்காரர். கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றபடி விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "உப்பு. எங்களுது இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு மண்டல அதிகாரியே வந்தார். வாசற்படியில் நின்றபடி பதிவேட்டை விரித்தார். இந்த வீட்டுத் தரைக்குக் கடல் வரவேண்டுமென்றால் பதிவேட்டில் குறைந்தது நூற்று அறுபது இருக்க வேண்டும். நேற்று மாலை எவ்வளவு என்று எழுதியிருக்கிறது, கையெழுத்து யாருடையது என்று பொறுமையாகக் கேட்டார். கையெழுத்து அளவுக்காரருடையது. அழகான கையெழுத்துங்கூட.

வடிகாலும் இல்லை, கடலும் இல்லை என்றால் இது யாருடைய தண்ணீர் என்ற கேள்வி எழுந்தது. அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கனிவாகக் கேட்டார்:

"வீட்டம்மா தரையை அடிக்கடி துடைக்கறாங்களோ?"

மெஷினில் உயரமாக உட்கார்ந்திருந்த மனைவி தையலை நிறுத்தாமலே சொன்னாள்: "ஆமாங்க சார். பக்கெட்டுல கடலை மொண்டுட்டு வந்துதான் துடைக்கறேன். கொஞ்சம் மீன் வாசம் வருது, மன்னிச்சுக்கோங்க."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். ஏழாவது விண்ணப்பம் 'காரணம்: விண்ணப்பதாரர் மனைவியின் சுத்த உணர்வு' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. எட்டாவது விண்ணப்பத்தை அளவுக்காரர் கோரிக்கையோடு நிறுத்தி, காரணத்தைக் காலியாக விட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு வருடமாக அது அங்கேயே இருந்தது. சட்டை மாறும், விண்ணப்பம் மாறாது.

இதற்குள் அலுவலகத்துக்கும் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் வீட்டைப்போல அலுவலகம் அலட்டிக்கொள்ளவில்லை. கோப்புகள் மேல்தட்டுக்குப் போயின, காற்றோட்டத்துக்காக. மேசை நாற்காலிகளுக்குச் செங்கல் வைத்தார்கள், முதுகெலும்பு நிமிர்வதற்காக. தண்ணீர் என்ற சொல் மக்களிடையே வீண் பதற்றத்தை உண்டாக்குகிறது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி அதை 'வருகை நீர்' என்று குறிப்பிட வேண்டும். வருகிறது, பார்க்கிறது, போகிறது. விருந்தாளியைக் கண்டு யாராவது பயப்படுவார்களா?

மாதாந்திரக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. எல்லாரும் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, பாதங்களை நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்து உட்கார்ந்தார்கள். 'நிலைத்த கடல், நிம்மதியான நாடு' என்ற தலைப்பில் அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய வலது செருப்பு மெதுவாக மேசையைச் சுற்றி வந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. இரண்டாவது சுற்றில் அளவுக்காரர் குனிந்து எடுக்கப்போனார். பக்கத்தில் இருந்த தட்டச்சுக்காரம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். எடுத்துக் கொடுத்தால், எங்கிருந்து எடுத்தாய் என்ற கேள்வி வரும்.

அந்த வருடம் சராசரி நூற்று ஆறு. ஒரே வருடத்தில் ஆறு. போதாததற்குக் கல்சுவரின் உச்சிக்கே அளவுகோல் வந்துவிட்டிருந்தது. இனி மேலே ஓட்டை போடச் சுவர் இல்லை. அதிகாரி தூக்கத்தைத் தொலைத்தார். துறையின் வெள்ளிவிழாவுக்கு அமைச்சரை அழைத்திருந்த சமயம் வேறு. ஊழியர்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த அளவுக்காரர், சுவர் தீர்ந்துபோன கதையைச் சொல்லி, என்ன எழுதிக் கொடுப்பது என்று கேட்டார். மனைவிக்கு அன்று ஒரு கல்யாணப் புடவையின் ரவிக்கை தண்ணீரில் விழுந்து சாயம் போயிருந்தது. எரிச்சலில் இருந்தாள்.

"பேசாம அந்தப் பலகையை ஒரு காலி டிரம்ல கட்டி மிதக்க விடச் சொல்லுங்க. கடல் ஏறினா அதுவும் ஏறும். எப்ப பாத்தாலும் நூறு. உங்க துறைக்கு மூளைன்னு ஒண்ணு இருந்தா எப்பவோ செஞ்சிருக்கும்."

அளவுக்காரர் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு, இதைக் கேட்டதும் பேனாவை எடுத்ததுதான். இருபத்திரண்டு வருடம் சொன்னதை எழுதிப் பழகிய கை. மனைவி சொன்னதை, மூளை பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டு, வரிக்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மண்டல அதிகாரி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, செங்கல்மேல் ஏற்றிய நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, வருகை நீரில் நின்றபடி கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இத்தனை வருஷமா கோலை நாம தூக்கிட்டிருந்தோம். இனிமே கடலே தூக்கிக்கும். இதுக்குப் பேருதான்யா அறிவியல்."

வெள்ளிவிழாவில் அமைச்சர் கையால் மிதவை அளவுகோல் திறந்துவைக்கப்படும் என்றும், யோசனையை வழங்கியதில் அதிகாரிக்குத் துணைநின்ற அளவுக்காரருக்குக் கேடயம் உண்டு என்றும் அறிவிப்பு வந்தது. அளவுக்காரர் நல்ல சேதி சொல்கிற முகத்தோடு வீட்டுக்குப் போனார். உன் யோசனையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றார்.

மனைவி மெஷினை நிறுத்தினாள். கத்திரிக்கோலைக் கீழே வைக்க இடம் தேடி, மடியிலேயே வைத்துக்கொண்டாள். வழக்கமாகத் தலையில் அடித்துக்கொள்வாள், நாலு வார்த்தை சொல்வாள். அன்று ஒன்றும் செய்யவில்லை.

"இதுவரைக்கும் உங்க பதிவேட்டுலயாவது ஒரு நாலு, ஒரு மூணுன்னு கொஞ்சம் உண்மை இருந்துச்சு. இனிமே அதுவும் இல்ல. இனிமே நம்ம கழுத்துக்குத் தண்ணி வந்தாலும் நூறுதான்."

அவர் சட்டைப்பையில் இருந்த விண்ணப்பத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அந்த அமைச்சர் கிட்ட உங்க வாயால கேளுங்க. எழுதிக் குடுக்கறது வேணாம், எழுதினா நீங்க மூட்டு வலின்னு எழுதுவீங்க. கேட்டா ரெண்டு பேரும் மேட்டுத் தெருவுக்குப் போவோம். கேக்கலைன்னா நான் விழாவுலேருந்தே அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க கடலோட குடித்தனம் நடத்துங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் அண்ணன் பெயரை எடுத்தது அதுவே முதல் முறை.

விழாவுக்குத் துறைமுகத்தின் ஓரத்தில் மேடை போட்டார்கள். எவ்வளவு உயரம் வேண்டும் என்று அதிகாரி பதிவேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டார். மாலை நான்கு மணி, பௌர்ணமி, ஏற்ற நேரம்; பதிவேட்டின்படி மேடைக்குக் கீழே தாராளமாக அரையடி இடைவெளி இருந்தது. பதிவேட்டுக் கடலும் பக்கத்தில் இருக்கிற கடலும் பிரிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன என்பது அளவுக்காரருக்குத் தெரியும். மேடையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் நல்லது என்று மெல்ல இழுத்தார். கொஞ்சம் என்றால் எவ்வளவு, காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள் என்றார் அதிகாரி.

விழா நாளன்று கீழ்த்தெரு முழுவதும் வந்திருந்தது. வீட்டில் உட்கார முடியாத நாள் அது. இங்கேயாவது நாற்காலி இருந்தது. அளவுக்காரரின் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா. மடியில், குடிவந்த அன்றைக்கு வாசலில் இறக்கிய அதே தகரப் பெட்டி.

அமைச்சர் வந்தார். தங்க வர்ணம் பூசிய டிரம் ஒன்று மேடையோரக் கடலில் மிதந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் அளவுகோல் நிமிர்ந்து நின்றது. அமைச்சர் திரையை விலக்கினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நூறு. அலை ஒன்று வந்து டிரம்மை ஒரு முழம் தூக்கியது. நூறு. கூட்டம் கைதட்டியது. வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். மேடையில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின் ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது.

அமைச்சர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"வேற நாடுகள்ல கடல் ஏறுதாம். ஏன் ஏறுது? அங்க தலைமை சரியில்ல. நம்ம நாட்டுல ஏறல. ஏன் ஏறல? நாம அனுமதி குடுக்கல."

கம்பளம் மிதக்கத் தொடங்கியது. மேடையில் இருந்தவர்கள் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார்கள்.

"நாங்க பொறுப்புக்கு வந்தப்ப கடல் எவ்வளவு? நூறு. இன்னிக்கு எவ்வளவு? நூறு. உங்க பேரப்பிள்ளைங்க காலத்துல எவ்வளவு இருக்கும்? நூறு. அவங்க இருப்பாங்களான்னு நான் சொல்ல முடியாது. கடல் நூறுல இருக்கும், அதுக்கு நான் உத்தரவாதம்."

தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. அமைச்சர் குனிந்து பார்த்துவிட்டு, கேள்வியாக அதிகாரியைப் பார்த்தார். "வருகை நீர்தான் சார்" என்று அதிகாரி காதோடு சொன்னார். அமைச்சர் பெருந்தன்மையோடு தலையசைத்தார். வாத்தியக்காரர்கள் மேளத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார்கள். யாரும் நகரவில்லை. நகர்ந்தால், எதிலிருந்து நகர்கிறாய் என்ற கேள்வி வரும்.

"எதிர்க்கட்சிக்காரங்க கேக்கறாங்க, இத்தனை வருஷமா என்ன செஞ்சீங்கன்னு. பகிரங்கமா சொல்றேன், ஒண்ணும் செய்யல. ஒண்ணுமே செய்யாம கடலை நிக்க வச்சிருக்கோம். நாங்க ஏதாவது செஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது அளவுக்காரரைக் கூப்பிட்டார்கள். தண்ணீரை விலக்கிக்கொண்டு நடந்து போனார். 'நூறு காத்தவர்' என்று பொறித்த கேடயத்தை அமைச்சர் அவர் கையில் கொடுத்து, தோளில் தட்டி, உனக்கு என்ன வேண்டும், தயங்காமல் கேள் என்றார். இது நிகழ்ச்சி நிரலில் உள்ள கேள்வி. இதற்கான பதிலை அதிகாரி முந்தைய நாளே ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்: 'எனக்கு ஒரு குறையும் இல்லை.' அளவுக்காரர் கால்சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். அது நனைந்து மை ஓடிப்போயிருந்தது. ஒரு நீலக்கறையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

சட்டைப்பையில் கை போனது. பிளாஸ்டிக் உறைக்குள் விண்ணப்பம் நனையாமல் இருந்தது. கோரிக்கைக் கட்டம் நிரம்பி, காரணக் கட்டம் காலியாக.

அவர் முதல் வரிசையைப் பார்த்தார். நாற்காலிகளின் கால்கள் மறைந்துவிட்டிருந்தன. கொத்தனார் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கீழ்த்தெருவின் பதினோரு குடும்பங்களும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, யார் முதலில் எழுந்திருப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவர் மனைவி, தகரப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. அன்றைக்கு வாசலில், கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாளே, அதே பார்வை.

"கூச்சப்படாம கேளுங்க" என்றார் அமைச்சர். ஒலிபெருக்கியை அவர் வாயருகே நீட்டினார்.

அளவுக்காரர் வழக்கம்போலக் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். தொடையில் ஒரு விரலை வைத்து அளவைக் குறித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"கடல் எங்க வீட்டுக்குள்ள வந்துருச்சுங்க ஐயா. எனக்குத் தெரியாம வரல. தினம் ரெண்டு வேளை நான்தான் அளந்தேன், எனக்குத் தெரிஞ்சேதான் வந்துச்சு. அந்தக் கோலைக் கழட்டி முதல் ஓட்டையிலயே மாட்டச் சொல்லுங்க. எங்க தெரு மொத்தத்துக்கும் மேட்டுல வீடு குடுங்க."